சுரங்கம் வருகிறது என்றால் முதலில் வரத்துக்காலைப் பாருங்கள்

மதுரைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரையில் நின்று தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், மலையைத்தான் கை காட்டுவார்கள். சரிவில் விழும் மழை ஓடையில் சேர்ந்து வரத்துக்கால் வழியாகக் கண்மாய்க்கு வரும், நிறைந்தால் கலுங்கு வழிந்து அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். அரிட்டாபட்டியில் ஏழு குன்றுகளை ஒட்டி 72 ஏரிகளும் 200 சுனைகளும் இருப்பதாக அரசே சொல்லியிருக்கிறது. அந்தப் பகுதியையும் சேர்த்துத்தான் 2,015 ஹெக்டேர் டங்ஸ்டன் தொகுதி 2024 நவம்பரில் ஏலம் போனது, மக்கள் திரண்டு எதிர்த்த பிறகு 2025 ஜனவரி 23 அன்று ரத்தானது.

ஏலம் முடிந்ததுமே தோண்டிவிட முடியாது. ஒன்றிய அரசின் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின்படி சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். பெரிய சுரங்கம் என்றால் அதற்குமுன் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை, அப்புறம் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னால் நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். வரைவு அறிக்கை ஆட்சியர் அலுவலகத்தில் பார்வைக்கு இருக்கும், அதன் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்க வேண்டும். போய்க் கேளுங்கள், பார்ப்பது உங்கள் உரிமை.

அறிக்கை கைக்கு வந்ததும் மேற்பரப்பு நீர் பற்றிய பகுதிக்குப் போய்விடுங்கள். சுரங்கத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்கு வடிகால் வரைபடம் போட்டிருப்பார்கள். பக்கத்தில் உங்கள் ஊர் கிராம வரைபடத்தையும், புல எண் வாரியாக நில விவரம் இருக்கும் ‘அ’ பதிவேட்டையும் வைத்து, ஓடைப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என்று பதிவான ஒவ்வொரு புல எண்ணும் அதில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் பாருங்கள். பெரிய ஓடை கட்டாயம் இருக்கும், ஆனால் மழைக்கு மட்டும் ஓடும் நாலடி வரத்துக்கால் பல சமயம் விட்டுப்போகும், உங்கள் கண்மாயை நிரப்புவது அதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, தரவு எந்த மாதம் எடுத்தது என்று பாருங்கள். பருவமழை இல்லாத ஒரு பருவத்தின் தரவு போதும் என்பதுதான் வழக்கமான வரையறை, மார்ச் முதல் மே வரை எடுத்தாலும் செல்லும். அந்த மாதங்களில் நம் ஓடை காய்ந்து கிடக்கும், ஐப்பசியில் வந்து பார்த்தால்தானே அது ஓடை என்று தெரியும்? கணக்கையும் நீங்களே போடலாம். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் 10,000 லிட்டர். 100 ஹெக்டேர் சரிவில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 5 கோடி லிட்டர் விழுகிறது, மண்ணில் இறங்கியது போக மீதி ஓடி வரும். அந்தச் சரிவைக் குழியாக்கிச் சுற்றிலும் வடிகால் வெட்டினால் இந்தத் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும், குவித்து வைக்கும் மண் கரைந்து எந்த மடையை அடைக்கும் என்று நேராகக் கேளுங்கள்.

கேட்பதை எழுதியும் கொடுங்கள், புல எண், கண்மாய்ப் பெயர், எந்த வருடம் கலுங்கு வழிந்தது என்பதோடு. கூட்டத்துக்கு ஆட்சியரோ அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும், பேசியதன் சுருக்கத்தை முடிவில் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். உங்கள் ஓடை அதில் விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து சொல்லுங்கள். பதிவான கவலைகளுக்கு இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் தந்தாக வேண்டும்.

ஆனால் 2025 செப்டம்பரில் ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் அணு கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்கும் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. டங்ஸ்டனும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் இது பெரிய அநியாயம், ஓடையைத் தெரிந்தவர்கள் பேச இருந்த ஒரே இடமும் போய்விட்டது. சரி, அறிக்கை தயாரிப்பதிலிருந்து விலக்கு இல்லை. அனுமதி கொடுத்துவிட்டால் 30 நாளுக்குள் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள் வரை ஏற்பார்கள். புல எண் போட்டு எழுதி வைத்த அந்தத் தாள் அங்கேயும் கை கொடுக்கும், அதனால் கூட்டம் இல்லை என்றாலும் அதை இப்போதே தயார் செய்து வையுங்கள்.