விலை ஏறிடுச்சுன்னு உடனே நாத்து வாங்க ஓடாதீங்க

விவசாயிங்களுக்கு விளைச்சலை எப்ப, எப்படி விக்கிறதுன்னு ஆலோசனை சொல்றது என் வேலை. எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான், "தக்காளி விலை நல்லா இருக்கு சார், போடலாமா?" நாத்தை இன்னைக்கு நட்டா முதல் பறிப்புக்கே ரெண்டு மாசத்துக்கு மேல ஆகும், அதுக்கப்புறமும் வாரக்கணக்குல பறிச்சுட்டே இருக்கணும், அப்ப இன்னைக்கு ரேட்டை வச்சு என்னத்த முடிவு பண்றது?

விலை ஏறுனதுக்குக் காரணம் பெரும்பாலும் கடும் வெயில்ல பூ உதிர்ந்திருக்கும், இல்ல மழையில பழம் வெடிச்சு அழுகியிருக்கும். வரத்து கொஞ்சம் குறைஞ்சாலே விலை எகிறும், அதேபோல கொஞ்சம் கூடுனாலும் படுத்துடும், ஏன்னா பாதி விலைக்கு வருதுன்னு யாரும் ரெண்டு மடங்கு சாப்பிடப் போறதில்ல. ஏறுன விலையைப் பாத்து எல்லாரும் நடுறாங்க, எல்லாருக்கும் ஒரே சமயத்துல காய்க்குது, விலை விழுது, அடுத்த தடவை யாரும் போடறதில்ல, திரும்ப ஏறுது. இது புதுசில்ல, நிக்கோலஸ் கால்டார்ங்கிற பொருளாதார நிபுணர் 1934லயே இந்தச் சுத்தலைப் பத்தி எழுதியிருக்கார்.

ஸ்டோரேஜ் இருந்தா தீந்துடும்னு சொல்வாங்க. தக்காளிக்கு அது சரிப்படாது, 10 டிகிரிக்குக் கீழ ரொம்ப நாள் வச்சா சரியாப் பழுக்காது, ருசியும் போயிடும். நல்லா காய வச்ச வெங்காயம் மாசக்கணக்குல தாங்கும்தான், ஆனா அதுலயும் 1955ல அமெரிக்காவுல ரெண்டு வியாபாரிங்க வெங்காயத்தை வாங்கிக் குவிச்சு, விலை விழும்னு முன்பேரத்துல (பின்னாடி தர்ற சரக்குக்கு இப்பவே விலை பேசி முடிக்கிற வியாபாரம்) பந்தயம் கட்டிட்டு, மொத்தத்தையும் சந்தையில கொட்டுனாங்க, கடைசியில சாக்கு விலைக்குக்கூட வெங்காயம் போகல. 1958ல வெங்காய முன்பேர வர்த்தகத்தையே அங்க சட்டம் போட்டு நிறுத்திட்டாங்க, தடை இன்னும் இருக்கு.

தக்காளி ஏலத்துல நின்னு பாருங்க. மேல அடுக்குன பளபளப்பை வியாபாரி கண்டுக்கவே மாட்டார், கையை அடி வரைக்கும் விட்டு ஒரு பழத்தை எடுத்து அமுக்குவார், தண்ணி விட்டிருந்தா முழுப் பெட்டிக்கும் ரேட் போச்சு. செவசெவன்னு பழுக்க விட்டுக் கொண்டு வந்தா அன்னைக்கே தள்ளியாகணும், பேரம் பேச வாயே வராது. லேசா நிறம் திரும்பறப்ப பறிச்சா சில நாள் பொறுத்து விக்கலாம்.

அப்ப யாரைக் கேக்கறது? நாத்துப் பண்ணைக்காரரை. "ஆர்டர் குவியுது, நாத்து கிடைக்கவே இல்ல"ன்னு அவர் சொன்னா அதுதான் எச்சரிக்கை, ரெண்டு மூணு மாசம் கழிச்சு மார்க்கெட் எப்படி இருக்கும்னு அவர் பேச்சுலயே தெரிஞ்சுடும் (மார்க்கெட் ரேட்டை மட்டும் பாக்குறவங்களுக்கு இது கடைசிலதான் தெரியும்). போட்டே ஆகணும்னா மொத்தமா நடாம ரெண்டு மூணு வாரம் இடைவெளி விட்டுப் பிரிச்சு நடுங்க.

விலை படுத்தப்புறம் பறிக்கிறதா விடறதான்னு முழிக்கிறவங்க பறிகூலி, வண்டி வாடகை, கமிஷன் மூணையும் கூட்டி ஒரு பெட்டிக்கு எவ்ளோன்னு பாருங்க, ரேட் அதுக்கும் கீழ இருந்தா பறிக்கறதுதான் கூடுதல் நஷ்டம். விதைக்கும் உரத்துக்கும் போட்ட காசை இந்தக் கணக்குல சேக்காதீங்க, அது பறிச்சாலும் பறிக்காட்டியும் போன காசுதான்.