பறித்தபின் இனிக்காத பழம்

வாழைக்காயை வாங்கி வைத்தால் சில நாளில் தானாகப் பழுத்து இனிக்கும். காயில் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுவதுதான் காரணம். ஸ்ட்ராபெரியில் அப்படிச் சேமிப்பு ஏதும் கிடையாது. இலைகள் தயாரித்து அனுப்பும் சர்க்கரைதான் அதன் இனிப்பு. காம்பு அறுந்ததும் வரத்து நின்றுவிடும். அரைகுறையாகப் பழுத்தபோதே பறித்த பழம் வீட்டுக்கு வந்தபின் இன்னும் சிவக்கலாம், மெத்தென்று ஆகலாம். இனிப்பு மட்டும் அதிகமாகாது.

அதனால் வாங்கும்போதே பார்த்து வாங்குவதுதான் பாதி வேலை. பருமனைப் பார்க்க வேண்டாம், காம்புப் பக்கத்தைப் பாருங்கள். பச்சை இதழ்களுக்குக் கீழே வெள்ளையாக இருந்தால் அவசரமாகப் பறித்தது. இதழ்கள் வாடியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது. மூடிய டப்பா வழியாகவே வாசம் வந்தால் தயங்காமல் வாங்கலாம். டப்பாவைத் திருப்பி அடிப்பக்கத்தையும் பாருங்கள். நசுங்கிய பழத்தின் சாறு அங்கேதான் தேங்கும்.

ஒரு பழத்தைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். மேலே ஒட்டியிருக்கும் சின்னச் சின்னப் புள்ளிகளை விதை என்கிறோம். உண்மையில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனி கனி. விதை அதற்குள் இருக்கிறது. நாம் ருசிக்கும் சிவப்புச் சதை, பூவைத் தாங்கிய பூத்தளம் பருத்து உருவானது. அதைப் பருக்க வைப்பது அந்தப் புள்ளிகளில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன். 1950இல் நிட்ச் என்ற ஆய்வாளர், பிஞ்சிலிருந்து புள்ளிகளை அகற்றிப் பார்த்தார், சதை வளரவில்லை. ஆக்சினைப் பூசியதும் வளர்ந்தது. கோணல்மாணலான பழம் கிடைத்தால், ஒடுங்கிய பக்கத்தில் புள்ளிகள் பொடியாக, நெருக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அந்தப் பக்கத்தில் மகரந்தச் சேர்க்கை சரியாக நடந்திருக்காது. ருசியில் அது குறையல்ல, ஒதுக்க வேண்டாம்.

இந்தச் சதையில் ஏறத்தாழ 91 சதவீதம் தண்ணீர். தோலோ மிக மெல்லியது. சாம்பல் நிறப் பூசணத்துக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. அந்தப் பூஞ்சை பூவாக இருக்கும்போதே உள்ளே புகுந்து, பழம் கனியும் வரை அடங்கிக் கிடக்கக்கூடியது. குளிரில் அது மெதுவாகும், சாகாது. எனவே டப்பா வந்தவுடன் பழங்களைத் தட்டில் கொட்டி, நசுங்கியதையும் பூசணம் பிடித்ததையும் உடனே நீக்குங்கள். ஒன்று கெட்டால் அதைத் தொட்டுக்கொண்டிருப்பதெல்லாம் கெடும். மற்றவற்றைக் கழுவாமல், உலர்ந்த துணியோ காகிதமோ விரித்த பாத்திரத்தில் ஒரே அடுக்காகப் பரப்பி, மூடியை லேசாகத் திறந்து, ஃபிரிட்ஜின் குளிர்ந்த பகுதியில் வையுங்கள். 0 முதல் 2 டிகிரி செல்சியஸ் சிறந்தது. அப்போதும் இரண்டு மூன்று நாளுக்குள் தின்றுவிடுங்கள்.

கழுவுவது சாப்பிடுவதற்குச் சற்று முன்புதான். ஓடும் தண்ணீரில், காம்போடு. காம்பைக் கிள்ளிவிட்டுக் கழுவினால் அந்த வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய் ருசி நீர்த்துவிடும். பூசணத்தைத் தடுக்க, வினிகர் கலந்த நீரில் முக்கி எடுத்து வைக்கிறவர்களும் உண்டு. ஆனால் ஈரம் போக உலர்த்தாமல் டப்பாவில் அடைத்தால் பலனில்லை.

ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் தின்னாதீர்கள். வாசனைப் பொருள்கள் குளிரில் ஆவியாவது குறைவு, நாக்கும் இனிப்பைக் குறைவாகவே உணரும். அரை மணி நேரம் வெளியே வைத்தால் அதே பழம் வேறு பழம்போல மணக்கும். நுனிப் பக்கம் காம்புப் பக்கத்தைவிட இனிப்பு. காம்புப் பக்கத்திலிருந்து கடித்தால் கடைசி வாய் இனிப்பாக முடியும். நடுத்தர அளவில் எட்டுப் பழம் ஏறக்குறைய 100 கிராம். அதில் 60 மில்லிகிராமை ஒட்டி வைட்டமின் சி இருக்கிறது. நறுக்கி வைக்க வைக்க அது குறையும், அதனால் சாப்பிடும் நேரத்தில் நறுக்குங்கள்.

புளிப்பான பழம் அமைந்துவிட்டதா? 500 கிராமை நறுக்கி, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரை தூவி அரை மணி நேரம் விடுங்கள். சர்க்கரை செல்களிலிருந்து நீரை வெளியே இழுக்கும். அடியில் செந்நிறச் சாறு தேங்கும். தயிரோடு கலக்க இது அருமை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டால் துண்டுகள் துவண்டுவிடும்.

மிஞ்சியதைக் கழுவி, நன்றாக உலர்த்தி, காம்பு நீக்கி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவிடுங்கள். கல்லானதும் பையில் போட்டு, காற்றை வெளியேற்றிக் கட்டுங்கள். உறையும்போது பனிப்படிகங்கள் செல் சுவர்களைக் கிழித்துவிடுவதால், உருகியபின் பழம் குழைந்துவிடும். அதை உருகவிடாமல் அப்படியே மிக்ஸியில் பாலோடு அடித்துவிடலாம்.