டெங்க்மால்: நினைவுச்சின்னமா, நடுகல்லா?

ஜெர்மன் மொழியில் போர் நினைவுக் கற்களையும் குறிக்கும் ‘டெங்க்மால்’ என்ற சொல் இரண்டு உறுப்புகளால் ஆனது. ‘டெங்க்கென்’ என்பது நினைத்தல். ‘மால்’ என்பது குறி, தடம், மறு. பிறவியிலேயே உடலில் இருக்கும் மச்சத்தை அவர்கள் ‘முட்டர்மால்’ என்பார்கள். தாய்க்குறி என்று பொருள். பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர், நினைவுக்குத் துணைநிற்கும் பொருளைக் குறித்த ‘ம்னெமோசினோன்’ என்னும் கிரேக்கச் சொல்லுக்கு ஈடாக ‘டெங்க்மால்’ என்பதை எழுத்தில் ஆண்டார். கல், தூண், சிலை என்ற பருப்பொருள் அர்த்தம் பின்னரே இதன்மேல் அழுத்தமாகப் படிந்தது. ஆங்கிலம் வழியாக நமக்குத் தெரிந்த ‘மான்யுமெண்ட்’ என்பதோ லத்தீனின் ‘மொனேரெ’ என்ற வினையிலிருந்து வந்தது; நினைவூட்டல், எச்சரித்தல் ஆகிய இரண்டும் அவ்வினையின் பொருள்கள். எச்சரிக்கை என்னும் அந்தப் பாதியை ஜெர்மன் மொழி ‘மான்மால்’ என்ற வேறொரு சொல்லுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டது.

‘டெங்க்மால்’ என்ற சொல்லுக்குத் தமிழில் எது நேர் என்ற கேள்விக்கு அகராதியைவிட ஒரு குறிப்பிட்ட கல் நன்றாக விடை சொல்லும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வட மாநிலங்களின் ஒன்றியத் தரப்பில் ஜெர்மனியில் பிறந்தவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர் போரிட்டனர். முழுக்க ஜெர்மானியக் குடியேறிகளைக் கொண்டு திரட்டப்பட்ட படைப்பிரிவுகளும் இருந்தன. இண்டியானா மாநிலத்தின் 32ஆம் காலாட்படைப் பிரிவு அவற்றுள் ஒன்று. அதன் கர்னல் ஆகஸ்ட் வில்லிச், பிரஷ்யப் படையில் அதிகாரியாக இருந்து, 1848–49 புரட்சியில் அரசர்களுக்கு எதிராக வாளெடுத்து, தோல்விக்குப் பின் நாடு கடந்து வந்தவர். ஜெர்மனியின் பாடன் போர்க்களத்தில் அவருக்குத் துணையதிகாரியாக இருந்தவர் பிரெடரிக் எங்கெல்ஸ் என்பது இங்கே தேவையற்ற செய்திதான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

1861 டிசம்பர் 17 அன்று கென்டக்கி மாநிலத்தின் மன்ஃபோர்ட்வில் அருகே, ரௌலெட்ஸ் ஸ்டேஷன் என்னுமிடத்தில், இப்பிரிவினர் டெக்சஸ் குதிரைப்படையின் தாக்குதலை எதிர்த்து நின்றனர். எதிரணிக் கர்னல் பெஞ்சமின் டெரி அங்கே மாண்டார். தம் தரப்பில் இறந்தவர்களைப் புதைத்த இடத்துக்காக, அதே பிரிவின் சாதாரணச் சிப்பாயான ஆகஸ்ட் ப்ளோட்னர், அடுத்த சில வாரங்களில் அப்பகுதிச் சுண்ணாம்புக் கல்லொன்றில் விரித்த சிறகுக் கழுகையும் கொடிகளையும் பீரங்கிகளையும் புடைப்பாகச் செதுக்கி, அதன்கீழ் ஜெர்மன் மொழியில் ஒரு வாசகத்தைப் பொறித்தார். வீழ்ந்தவர்களின் பெயர்களோடு அவர்கள் பிறந்த நாளும் ஊரும் அதில் இடம்பெற்றன. 3,000 பேருக்கு மேற்பட்ட எதிரிகளை 500 ஜெர்மானியர் முறியடித்தனர் என்றும் அந்தக் கல் சொல்கிறது; இந்த எண்ணிக்கையை வரலாற்றுக் கணக்காக எடுத்துக்கொள்வதைவிட, தோழர்களைப் புதைத்து முடித்த கையோடு உளியெடுத்த ஒருவரின் பெருமிதமாக வாசிப்பதே பொருத்தம். இன்று எஞ்சியுள்ள உள்நாட்டுப் போர் நினைவுக் கற்களில் இதுவே மிகப் பழையது எனக் கருதப்படுகிறது.

இதைத் தமிழில் எழுத வரும் எவரும் முதலில் ‘நினைவுச்சின்னம்’ என்றுதான் எழுதுவர். சொல்லின் கட்டமைப்பை மட்டும் பார்த்தால் இதைவிட நெருக்கமான பெயர்ப்பு கிடையாது. நினைவும் சின்னமும் சேர்ந்தது. ‘டெங்க்’கும் ‘மால்’உம் சேர்ந்ததைப் போலவே. சின்னம் என்பது ‘சிஹ்ன’ என்ற வடசொல்லின் தமிழ் வடிவம். குறி என்றே அதற்கும் பொருள். ஆனால் வழக்கில் இச்சொல் தாஜ்மகாலையும் கொள்கிறது, ஊர் நடுவிலுள்ள மணிக்கூண்டையும் கொள்கிறது. சின்னம் என்று தனியே சொன்னாலோ வாக்குச்சீட்டுதான் நம் நினைவுக்கு வருகிறது. பிணம் கிடக்கும் மண்ணின்மேல் நின்ற ஒரு கல்லுக்கு இது தளர்ந்த சட்டையாக இருக்கிறது.

‘நடுகல்’ அப்படியன்று. தொல்காப்பியப் புறத்திணையியல், வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுப்பதைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என்று படிப்படியாக வகுக்கிறது: கல்லைத் தேர்ந்து காண்பதில் தொடங்கி, கொண்டுவந்து, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை. கல்லில் எழுதப்படுவது எது என்பதற்கு அகநானூறு தரும் தொடர் ‘பெயரும் பீடும் எழுதி’ என்பது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து நடுகல்லில் ஒருவனுடைய பெயரும், ஆநிரை கவரும் ஆகோள் என்னும் நிகழ்வும் சில சொற்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ப்ளோட்னரின் கல்லிலும் பெயர் இருக்கிறது, 500 பேர் 3,000 பேரை வென்ற பீடும் இருக்கிறது. கூட நின்று போரிட்டவனே செதுக்கியிருக்கிறான். இதற்கு நடுகல் என்ற சொல்லை மறுக்க எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது: நடுகல் வழிபடப்படுவது. பீலி சூட்டியும் கள் படைத்தும் அதைத் தெய்வமாக்கிய மரபு கென்டக்கியில் இல்லை. ஆயினும் அந்தத் தெய்வத்தன்மை நட்டபின் செய்யப்படும் சடங்கில் வருவது. பெயரோ நடும் செயலிலிருந்து வந்தது. ஆகவே சொல் பொருந்தும் என்பதே என் துணிபு. ‘வீரக்கல்’ என்றாலும் குற்றமில்லை.

‘கல்லறை’ என்று எழுதுவது மட்டும் பிழை. அது உடல் கிடக்கும் அறையைக் குறிப்பது. மேலே நிற்கும் கல்லை அன்று. கல் நிற்கும் வளாகத்துக்குக் ‘கல்லறைத் தோட்டம்’ என்ற நம் வழக்கே போதும். ஆங்கிலத்தின் ‘செமெட்ரி’க்கு மூலமான கிரேக்கச் சொல் உறங்குமிடம் என்று பொருள்படும்; ஈழத்தில் வழங்கும் ‘துயிலும் இல்லம்’ அதற்கு வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி நிற்கிறது. ஜெர்மனின் ‘ஃபிரீட்ஹோஃப்’ இன்று அமைதித் தோட்டம்போல் ஒலித்தாலும், முதலில் வேலியிட்டுக் காத்த முற்றத்தையே குறித்தது. அமைதி என்ற பொருள் ஒலி ஒற்றுமையால் மக்கள் ஏற்றிக்கொண்டது.

1867இல் அந்த வீரர்களின் உடல்கள் லூயிவில் நகரின் கேவ் ஹில் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றப்பட்டபோது கல்லும் உடன் சென்றது. புதிய பீடமொன்றின்மேல் அது மறுபடி நடப்பட்டது. மென்மையான சுண்ணாம்புக் கல் ஆகையால் மழையும் பனியும் எழுத்துகளை அரித்துத் தின்றன. 2008இல் அதை அங்கிருந்து எடுத்துப் பாதுகாத்து, பின்னர் நகரின் ஃபிரேசியர் அருங்காட்சியகத்தில் வைத்தனர். தோட்டத்தில் 2011இல் வேறொரு புதிய கல்லை நிறுவினர். இதனால் சொல்லிலும் ஒரு பிரிவினை நேர்ந்துவிட்டது. காட்சிக்கூடத்தில் கூரையின்கீழ் நிற்கும் மூலக் கல்லின் அடியில் இப்போது எவரும் இல்லை. அதை நினைவுச்சின்னம் எனலாம். நடுகல் என்ற பெயர் ஓரளவு தோட்டத்திலுள்ள புதிய கல்லுக்கே போகிறது: பழைய எழுத்துகளைச் சுமந்து, அந்த ஜெர்மானியச் சிப்பாய்களின் தலைமாட்டில் நிற்பது அதுதான்.