பில்ஸ்னருக்கு ஊர் இல்லை, ஸ்காட்சுக்கு உண்டு

கோவையில் பேருந்து ஏறும் அவசரத்தில் 'ஊட்டி வர்க்கி' என்று எழுதிய பொட்டலம் ஒன்றை வாங்கினேன். குன்னூர் வந்து டீயில் முக்கினால் அடுக்கு பிரியவே இல்லை, களியாகக் கரைந்து டம்ளர் அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. மலைத் தண்ணீரும் குளிரும் இல்லாமல் வர்க்கிக்கு அந்த மொறுமொறுப்பு வராது என்று எங்கள் ஊர் பேக்கரிக்காரர்கள் சொல்வார்கள். ஊர்ப்பெருமை என்று சிரித்துக்கொண்டிருந்தேன். பீருக்கும் விஸ்கிக்கும் ஊர்ப்பெயர் வந்த கதையைப் படித்தபிறகு சிரிப்பு குறைந்துவிட்டது.

பீரில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். முளைகட்டி உலர்த்திய பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்தால், அதிலிருக்கும் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும். அவை ஒழுங்காக வேலைசெய்ய லேசான புளிப்பு வேண்டும், பிஹெச் 5.2 முதல் 5.6 வரை. டப்ளின் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அது புளிப்பைக் கொன்றுவிடும். ஆனால் கருக வறுத்த தானியத்துக்கு இயல்பிலேயே புளிப்பு உண்டு, அதைச் சேர்த்தால் கணக்கு நேராகிவிடும். டப்ளின் கறுப்பு பீருக்குப் பேர்போனதில் இதற்குப் பங்கு உண்டு, காய்ச்சியவர்களுக்குத்தான் காரணம் தெரியாது. இங்கிலாந்தின் பர்ட்டன் ஊர்க் கிணறுகளில் ஜிப்சம் கரைந்திருக்கும், அது ஹாப்ஸ் பூவின் கசப்பைத் துலக்கிக் காட்டும். செக் நாட்டுப் பில்சனிலோ கிட்டத்தட்ட மழைத்தண்ணீர் மாதிரி உப்பே இல்லாத தண்ணீர். அங்கே 1842-இல் பவேரியாவிலிருந்து வந்த யோசப் கிரோல் வெளிர் மால்ட்டைப் போட்டுக் காய்ச்சியபோது பொன்னிறத்தில் தெளிவான பீர் கிடைத்தது. 'பில்சன் ஊருடையது' என்ற பொருளில் அது பில்ஸ்னர் ஆனது.

அப்புறம் வேதியியல் வளர்ந்தது. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் எந்த ஊரிலும் ஜிப்சத்தைக் கொட்டிப் பர்ட்டன் தண்ணீர் செய்யலாம், உப்பை நீக்கிப் பில்சன் தண்ணீர் செய்யலாம். பில்ஸ்னர் இப்படித்தான் ஊரைவிட்டுக் கிளம்பி ஒரு பாணியின் பெயராகிவிட்டது. ஜெர்மனியின் கொலோன்காரர்கள் உஷார்: 1986-இல் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, 1997-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் வாங்கி, 'கோல்ஷ்' என்ற தங்கள் பீரின் பெயரைத் தங்கள் பகுதிக்குள்ளேயே பூட்டிவைத்துவிட்டார்கள்.

விஸ்கியில் பூட்டு இன்னும் பலம். ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்திலேயே காய்ச்சி, அங்கேயே ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் ஊறவைக்க வேண்டும். இதில் தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது: அங்கே பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், பெங்களூரில் 10-ஐத் தாண்டும், அதனால் இங்கே சீக்கிரம் முதிர்ந்துவிடும். ஜிப்சம் மாதிரி பருவநிலையைக் கரண்டியால் அள்ளிப் போட முடியாதே! ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியின் புகைவாசம், பார்லியை உலர்த்தும்போது எரிக்கும் பீட் என்கிற சதுப்பு மக்கிலிருந்து வருவது. நம் நீலகிரியின் சாண்டிநல்லாவிலும் பீட் சதுப்பு உண்டு, தயவுசெய்து யாரும் எரித்துப் பார்க்க வேண்டாம்.

பெயரின் சாயலுக்கே வழக்கு வரும். 'கிளென்' என்றால் ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் பள்ளத்தாக்கு. ஜெர்மன்காரர் ஒருவர் தன் விஸ்கிக்குக் 'கிளென் புக்கன்பாக்' என்று பெயர்வைக்க, படித்ததும் ஸ்காட்ச்தான் மனதில் வருகிறது என்று ஹாம்பர்க் நீதிமன்றம் 2019-இல் தடுத்துவிட்டது. நம் நாட்டில் கதை வேறுமாதிரி. 1968-இலிருந்து இங்கே விற்ற 'பீட்டர் ஸ்காட்' என்ற இந்திய விஸ்கி பற்றி ஸ்காட்ச் விஸ்கி சங்கத்துக்கு 1974-இலேயே தெரியும், ஆனால் பெயரை நீக்கச் சொல்லி மனுப் போட்டது 1986-இல். இவ்வளவு காலம் சும்மா இருந்துவிட்டு இப்போது வந்தால் எப்படி என்று 2008-இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்துவிட்டது. விஸ்கி வாங்குகிறவர்கள் வித்தியாசம் தெரியாதவர்கள் அல்ல என்றும் சொன்னது.

ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. எங்கள் பேக்கரிக்காரர்கள் ஒருநடை கோவைக்குப் போய் அந்தப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை.