ஜிஎஸ்டி எண் வேறு, நிறுவனப் பதிவு வேறு

வணிக ஒப்பந்தங்களைக் கவனிக்கும் வழக்கறிஞர் என்று அறிமுகம் செய்துகொண்டால், "எந்தக் கோர்ட்டில் பிராக்டிஸ்?" என்பதே அடுத்த கேள்வியாக வரும். நான் கோர்ட் படியேறும் நாள்கள் குறைவு. பத்திர வரைவுகளைத் திருத்துவதிலும், பிறர் எழுதிய பத்திரங்களில் விடுபட்டதைத் தேடுவதிலுமே பெரும்பாலான நேரம் போகிறது. அப்படித் தேடும்போது சிறுதொழில்களில் அடிக்கடி கண்ணில் படுவது, பதிவு செய்யப்படாத கூட்டாண்மை (பார்ட்னர்ஷிப்) நிறுவனம்.

பின்னலாடைத் துணிக்குச் சாயமிட்டுக் கொடுக்கும் நிறுவனம் ஒன்றின் பங்குதாரர், பாக்கி வசூலுக்குத் தொடுத்த வழக்கின் கட்டோடு வந்தார். நிறுவனத்துக்குப் பதிவு உண்டா என்று கேட்டேன். லேமினேட் செய்த ஜிஎஸ்டி சான்றிதழை மேசையில் வைத்து, "இருக்குங்களே சார்" என்றார். அதன் கீழே நோட்டரி முத்திரையிட்ட கூட்டாண்மைப் பத்திரம். இரண்டும் பதிவு ஆகாது. நிறுவனங்களின் பதிவாளரிடம் விண்ணப்பித்து, அவருடைய பதிவேட்டில் நிறுவனமும் பங்குதாரர்களும் ஏற வேண்டும்.

1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் பதிவைக் கட்டாயமாக்கவில்லை என்பதால்தான் பலரும் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதே சட்டத்தின் 69ஆம் பிரிவு, பதிவாகாத நிறுவனம் ஒப்பந்த உரிமையின் பேரில் வெளியார்மீது வழக்குத் தொடுப்பதைத் தடுக்கிறது. வெளியார் அந்த நிறுவனத்தின்மீது தொடுக்கத் தடையில்லை. 100 ரூபாய்க்கு மேற்படாத சில வழக்குகளுக்கு விலக்கு உண்டு, அந்தத் தொகைக்கு இன்று யார் வழக்காடப் போகிறார்கள்! பங்குதாரர்களுக்குள் தகராறு வந்தாலும் நிறுவனத்தைக் கலைக்கவும் அதன் கணக்கைத் தீர்க்கவும் கேட்கலாமே ஒழிய, பத்திரத்தில் உள்ள மற்ற உரிமைகளை நீதிமன்றத்தில் நிலைநாட்ட முடியாது.

பதிவு செய்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வழக்குத் தொடுக்கும் நாளில் பங்குதாரர்களாக இருப்பவர்களின் பெயர்கள் பதிவேட்டில் இருந்தாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சொல்லியிருக்கிறது. அண்ணன் விலகி மைத்துனர் சேர்ந்ததைப் புதிய பத்திரத்தில் மட்டும் எழுதிவிட்டுப் பதிவாளருக்குத் தெரிவிக்காமல் விட்டால், அந்தப் பழைய பதிவு வழக்குக்குக் கைகொடுக்காது. வழக்கு நடக்கும்போது பதிவு செய்தாலும், ஏற்கெனவே தொடுத்தது பிழைக்காது. பதிவுக்குப் பின் புதிதாகத்தான் தொடுக்க வேண்டும், அதுவும் மூன்றாண்டு காலவரம்புக்குள்.

அந்தப் பங்குதாரரின் பில்களில் பலவற்றுக்கு மூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. கட்டைப் புரட்டியபோது, ஆடிட்டர் கேட்டதற்காக மார்ச் 31 தேதியிட்டு வாங்கி வைத்திருந்த பேலன்ஸ் கன்ஃபர்மேஷன் (பாக்கி இவ்வளவு என்று உறுதிசெய்யும்) கடிதம் ஒன்று கிடைத்தது. பாக்கித் தொகையின் கீழே எதிர்த்தரப்பு முதலாளியின் கையெழுத்து இருந்தது. காலவரம்பு முடியுமுன் கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். நிறுவனத்தைப் பதிவு செய்து, பழைய வழக்கை நீதிமன்ற அனுமதியோடு திரும்பப் பெற்று, அந்தக் கடிதத்தை ஆதாரமாக வைத்துப் புதிய வழக்கைத் தொடுத்தோம்.