இரட்டை இமை: மடிப்பு எப்படி விழுகிறது?

சியோல் நகரத்தின் கங்னம் பகுதியில் தெருவுக்குத் தெரு அழகு அறுவை சிகிச்சை மருத்துவமனைகள் இருக்கின்றன. அங்கே பலர் கேட்டு வருவது இரட்டை இமை, அதாவது மேலிமையில் ஒரு மடிப்பு. கூடவே ஒரு நிபந்தனையும் வைப்பார்கள்: செய்துகொண்டது தெரியக்கூடாது.

மேலிமைக்குள் அதைத் தூக்கும் தசை ஒன்று இருக்கிறது. அதன் முனையிலிருந்து மெல்லிய நார்கள் பிரிந்து தோலின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். கண்ணைத் திறந்ததும் தசை இமையைத் தூக்கும், நார்கள் தோலை உள்ளே இழுக்கும், அங்கே மடிப்பு விழும். கிழக்காசியர் பலருக்கு இந்த நார்கள் தோல்வரை எட்டுவதில்லை. இமைக்குள் இருக்கும் கொழுப்பும் சற்றுக் கீழே இறங்கியிருக்கும். இது குறையே அல்ல. பார்வைக்கு இதனால் பாதகமும் இல்லை.

இயற்கையில் இல்லாத அந்த ஒட்டுதலைத் தையலால் உண்டாக்குவதுதான் சிகிச்சை. 1896-இல் ஜப்பானிய மருத்துவர் மிகாமோ இதைப் பற்றி எழுதினார். அவரிடம் வந்த பெண்ணுக்கு ஒரு கண்ணில் மட்டும் மடிப்பு இருந்தது. மற்றக் கண்ணை அதற்கு இணையாக்கினார். இன்று இரண்டு வழிகள் உண்டு. தோலை வெட்டாமல் நூலை உள்ளே புதைப்பது ஒன்று. இதில் தழும்பு குறைவு, ஆனால் பிடிப்பு நாளடைவில் தளரலாம். தோலை வெட்டிச் செய்தால் நிலைத்து நிற்கும்.

சரி, இயற்கையாகத் தெரிய என்ன வேண்டும்? என் பார்வையில், கண் திறந்திருக்கும் போட்டோவை மட்டும் பார்த்து முடிவு செய்வது போதாது. இயல்பான மடிப்பு கண்ணை மூடியதும் ஏறக்குறைய மறைந்துவிடும். ஒட்டுதல் ஆழமாகிவிட்டால் மூடிய இமையிலும் பள்ளம் தெரியும். உயரமும் முக்கியம். இமை முடியிலிருந்து 6 முதல் 8 மில்லிமீட்டர் என்பது கிழக்காசியக் கண்களுக்குப் பொதுவான அளவு. அதைவிட மேலே வைத்து, இமையும் தடித்துவிட்டால், கொரியாவில் 'சாசேஜ் கண்' என்று கிண்டல் செய்வார்கள் (சாசேஜ் என்பது உருண்டு தடித்த இறைச்சிச் சுருள்). மூக்குப் பக்கம் மடிப்பு மெலிந்து போவதும் அங்கே பலருக்கு இயல்பாகவே இருப்பதுதான்.

இதையெல்லாம் கவனிக்க வேண்டியிருப்பதால்தான், சிகிச்சையின்போது பெரும்பாலும் முழு மயக்கம் கொடுக்காமல் இமையை மட்டும் மரத்துப்போகச் செய்வார்கள். இடையிடையே கண்ணைத் திறக்கச் சொல்லி, இரண்டு பக்கமும் சமமா என்று பார்க்க முடியும். ஆரம்பத்தில் வீக்கத்தால் மடிப்பு உயரமாகவே தெரியும். அடங்க மாதங்கள் ஆகும். பிடிக்கவில்லை என்றால் தையலைத் தளர்த்துவது ஓரளவு எளிது, அதுவும் சீக்கிரமே செய்தால். தோலை அதிகமாக வெட்டி எடுத்துவிட்டால் கண் முழுதாக மூடாது, உலர்ந்து எரியும், சரிசெய்ய வேறு இடத்துத் தோலை ஒட்ட வேண்டியும் வரலாம்.