படகில் ஏறும் முன் கேளுங்கள்

கடலோரக் காவல் படையில் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது கோத்தகிரியில் இருந்தபடி, கூப்பிடுகிற இடங்களுக்குப் போய்ப் படகுகளைச் சோதித்துக் கொடுக்கிறேன். சீசனில் ஊட்டி, பைக்காரா, கொடைக்கானல் எங்கும் படகுத் துறையில் நீண்ட வரிசை. டிக்கெட் விலையை விசாரிக்கிறவர்கள், இந்தப் படகில் எத்தனை பேர் ஏறலாம் என்று விசாரிப்பதில்லை.

அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்பார்கள். கடலோரக் காவல் படையின் எல்லை கடலோடு சரி. ஏரியும் நீர்த்தேக்கமும் மாநில அரசின் பொறுப்பு. 2021-ஆம் ஆண்டு உள்நாட்டுக் கலன்கள் சட்டப்படி எஞ்சின் படகுக்குப் பதிவு, ஆய்வுச் சான்று, காப்பீடு, ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று எல்லாம் வேண்டும். கடலோரக் காவல் படையையே அரசுக் கணக்குகளைத் தணிக்கை செய்யும் சி.ஏ.ஜி. தணிக்கை செய்கிறது, ஆயுள் முடிந்த ரோந்துக் கலன்களும் ஓட்டத்தில் இருப்பதை 2011-இல் சுட்டிக்காட்டியது. படைக்கே விலக்கு இல்லாதபோது, பிள்ளைகளை ஏற்றிப் போகும் படகுக்கு எப்படி விலக்கு தருவது?

2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். மேல்தளத்தில் ஆள் கூடினால் படகின் எடை மையம் உயரும். அந்த நேரத்தில் யானையோ காட்டெருமையோ தெரிந்து எல்லோரும் ஒரே பக்கம் நகர்ந்தால், படகு நிமிர வழியில்லை. 2023 மே மாதம் கேரளத்தின் தானூரில் படகு கவிழ்ந்து 22 பேர் பலி. 2024 ஜனவரியில் குஜராத்தின் வடோதரா ஹர்ணி ஏரியில் 12 பள்ளிப் பிள்ளைகளும் 2 ஆசிரியர்களும் இறந்துபோனார்கள். பலர் உடலில் லைஃப் ஜாக்கெட் இல்லை.

மலையில் ஆபத்து இன்னும் கூடுதல். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்ந்த தண்ணீரில் சட்டென்று விழுந்தால் மூச்சு தன்னால் வேகமாக இழுக்கும். அந்த முதல் நிமிடத்தில் வாய் தண்ணீருக்குள் இருந்தால் நன்றாக நீந்துகிறவரும் தப்புவது கடினம். ஜாக்கெட் முகத்தை மேலே பிடித்து வைத்திருக்கும். எஞ்சினும் இந்த உயரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு திறனை இழக்கிறது. அளவுக்கு மீறி ஆள் ஏற்றிய படகு, எதிர்க்காற்றில் கரை திரும்பத் திணறும்.

ஒரு துறையில் ஜாக்கெட் குவியலைப் புரட்டிப் பார்த்தேன். கிளிப் உடைந்ததைச் சணல் கயிற்றால் கட்டியிருந்தார்கள். மெத்தைபோல் உட்கார்ந்து உட்கார்ந்து உள்ளே இருந்த ஃபோம் அப்பளமாகியிருந்தது. விரலால் அழுத்தி எடுத்தால் ஃபோம் பழையபடி எழும்ப வேண்டும், எழும்பாததை வாங்காதீர்கள். குழந்தைக்குப் போட்டதும் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரியவர்களுடையது, சிறிய அளவு கேளுங்கள். இல்லையென்றால் குழந்தையை ஏற்றாதீர்கள், அழுதாலும் சரி.

உள்ளூர்க்காரர்கள் இன்னொன்றும் செய்யலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டு, படகுவாரியாகக் கடைசி ஆய்வுத் தேதியையும் அனுமதித்த ஆள் எண்ணிக்கையையும் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். வந்த பதிலோடு திங்கட்கிழமை ஆட்சியர் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள்.